மழை விட்டுவைத்த குகைகள்

கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன் – மோகனா தம்பதியைப் பலருக்கும் தெரிந்திருக்கும். கடை வருமானத்தில் தினமும் கொஞ்சம் எடுத்துவைத்து, போதாததற்குக் கடனும் வாங்கி, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தவர்கள். பிரேசில், அர்ஜென்டினா, பெரு என்று தென்னமெரிக்காவையும் விட்டுவைக்கவில்லை. விஜயன் 2021 நவம்பரில் காலமானார். டீ ஆற்றியவர்களுக்கே வாய்த்தது, தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களுக்கு எப்போது வாய்க்கும் என்று இலங்கையின் கேகாலையில் ஒரு நண்பர் கேட்டார். தோட்டத்துச் சம்பளத்தைத் தெரிந்தவர்கள் பதில் சொல்லமாட்டார்கள்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு தென்னமெரிக்கா போகும் ஜோடிகள் அநேகமாக ஒரே தடத்தில்தான் போகிறார்கள். மச்சு பிச்சு, நாஸ்கா, அங்கிருந்து தெற்கே இறங்கிச் சிலியின் அட்டகாமா பாலைவனம். நாஸ்காவில் மேற்பரப்பிலுள்ள கருத்த கற்களை ஒதுக்கி, அடியிலுள்ள வெளிர்மண் தெரியும்படி குரங்கும் பறவையும் சிலந்தியுமாக வரைந்திருக்கிறார்கள். ஒரு நல்ல மழைக்குத் தாங்காத சித்திரம். இரண்டாயிரம் வருடம் கிடக்கிறது. மரியா ரைஹே என்ற ஜெர்மானியப் பெண் அந்தக் கோடுகளை அளப்பதற்கும் காப்பதற்கும் வாழ்நாளையே கொடுத்தார். துடைப்பம் எடுத்துக் கூட்டிக்கூடச் சுத்தம் செய்தாராம். அட்டகாமாவின் ஓரத்தில், அரிக்காப் பக்கம், சிஞ்சோரோ மக்கள் பதப்படுத்திப் புதைத்த உடல்களில் மிகப் பழையவை 7,000 வருடத்துக்கு முந்தியவை. எகிப்து மம்மிகளைவிட மூத்தவை. 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவும் மிஞ்சியதற்கு மனிதத் திறமை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அங்கே மழை பெய்வதில்லை.

சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரியிலோ வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்வந்தால் செருப்பில் பூஞ்சணம் பிடித்திருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களில் கல்யாண ஆல்பத்தைத் திறந்து பாருங்கள்: படமும் மேலே போட்ட பிளாஸ்டிக் தாளும் ஒன்றோடொன்று ஒட்டி, மாப்பிள்ளை முகம் மட்டும் உரிந்து வந்துவிடும். இந்த ஈரத்தில் பழையது எதுவும் நிலைக்காது என்றுதான் நானும் என் வீட்டுக்காரியும் எண்ணியிருந்தோம். குருவிட்டவில் பஸ்ஸைவிட்டு இறங்கி மலைப்பக்கமாக நடக்கும்வரை.

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் இருக்கிறது பட்டதொம்பலென குகை. ஊரைத் தாண்டி, றப்பரும் தேயிலையும் முடிந்து காடு தொடங்கும் இடத்திலிருந்து மேலே ஏறவேண்டும். அட்டை கடிக்கும். கல் வழுக்கும். உச்சியில் ஒரு பெரும்பாறை முன்னோக்கிக் கவிந்து நிற்கிறது. அதன் விளிம்பிலிருந்து நீர் சொட்டிச் சொட்டித் தரையில் ஒரு கோடே விழுந்திருக்கிறது. கோட்டுக்கு வெளியே பாசி, பன்னம், சேறு. உள்ளே கால் வைத்தால் கையில் அள்ளும்போது பொலபொலவென்று உதிரும் மண். சப்ரகமுவவின் பாலைவனம் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மறுத்துப் பேசவில்லை.

இந்த இடத்தை முதலில் தோண்டியவர் பி. ஈ. பி. தெரணியகல. பிறகு அவர் மகன் சிரான் தெரணியகல 1980ஐ ஒட்டிய வருடங்களில் அடுக்கு அடுக்காக ஆராய்ந்தார். இங்கே மனிதர் வாழத் தொடங்கி 36,000 வருடத்துக்கு மேல் ஆகிறது என்கின்றன பிந்திய கணிப்புகள். சுண்டுவிரல் நகமளவு படிகக்கல்லில் செதுக்கிய கூரிய சில்லுகள், எலும்பில் தீட்டிய முனைகள், கடற்சிப்பியில் செய்த மணிகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. என்ன சாப்பிட்டார்கள் என்பதும் தெரிகிறது. குரங்கு, மலையணில், நத்தை, கெக்குன என்று சிங்களத்தில் சொல்லும் காட்டுக்கொட்டை, காட்டு ஈரப்பலா. இலங்கையின் பல இடங்களில் கிடைத்த மனிதப் பற்களைச் சோதித்து 2015இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அடர்ந்த மழைக்காட்டையே நம்பி மனிதர் இங்கே பல்லாயிரம் வருடம் வாழ்ந்ததை உறுதிசெய்தது. மழைக்காட்டில் ஆதிமனிதன் பிழைத்திருக்கமாட்டான் என்று அதுவரை அடித்துச் சொன்னவர்கள் பலர்.

கணக்கை இப்படியும் போட்டுப் பார்க்கலாம். தென்னமெரிக்காவில் மனிதர் இருந்ததற்குப் பரவலாக ஏற்கப்பட்ட பழைய சான்று சிலியின் மொண்டே வெர்டே. ஏறத்தாழ 14,500 வருடம். அங்கே முதல் அடுப்பு மூட்டப்படுவதற்கு இருபதாயிரம் வருடம் முன்பே குருவிட்டக் குகையில் நத்தை வெந்துகொண்டிருந்தது.

இறங்கி வரும்போது றப்பர் மலையில் ஒரு அக்கா பால் வாளியோடு நின்றார். "என்னத்தத் தம்பி பாக்கப் போனீங்க? அங்க வெறும் கல்லுதான்."

கல்லில்லை அக்கா, ஆதிகாலத்து மனுசர் குடியிருந்த வீடு என்றேன்.

"ஒழுகாதா?"

ஒழுகாது என்றேன். "அப்ப நம்ம லயத்துக்கு அது தேவல" என்று சொல்லி, பக்கத்து மரத்துச் சிரட்டையைக் கவிழ்த்து வழித்தார். காலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்துவிடும், பால் வெட்டமுடியாது. வெட்டிய பிறகு பிடித்தால் பால் தண்ணீரோடு போய்விடும். இரண்டிலும் அடி விழுவது அன்றைய பேருக்கு, அதாவது நாட்கூலிக்குத்தான்.

அவர் வெட்டும் மரமே தென்னமெரிக்கா. ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசனிலிருந்து அள்ளிவந்த 70,000 விதைகளில் முளைத்த கன்றுகளில் ஒரு பகுதி 1876இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தது. அங்கிருந்துதான் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி எங்கும் பரவியது. சொந்த மண்ணில் அந்த மரத்தைத் தோட்டமாக வளர்க்கமுடியவில்லை. ஹென்றி ஃபோர்டு அமேசனில் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு ஊரையே கட்டிப் பார்த்தார். இலைக்கருகல் நோய் மரங்களைத் தின்றது, 1945இல் ஃபோர்டு நிறுவனம் எல்லாவற்றையும் பிரேசிலிடமே கொடுத்துவிட்டுப் போனது. அந்த நோய் ஆசியத் தோட்டங்களைத் தொட்டதில்லை. ஆகவே அமேசன் பக்கம் பையோடு சுற்றிவந்தவர்கள் அதே சப்பாத்தோடு நேரே றப்பர் மலைக்குள் போகக்கூடாது. பயணக் குறிப்புகளில் யாரும் எழுதாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

மரத்தின் வரலாறு இவ்வளவு துல்லியமாக இருக்கிறது; எந்த வருடம், எத்தனை விதை, எந்தத் தோட்டம். அந்த மரத்துக்கு வந்த ஆட்களின் வரலாறுதான் கிழிந்து கிடக்கிறது. தகரப்பெட்டிக்குள் வைத்த, துண்டு என்ற பழைய தோட்டச் சீட்டும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் ஈரத்தில் பொடியாகிப்போன குடும்பங்கள் ஏராளம். பழியை மழைமேல் மட்டும் போடமுடியாது. 1977, 1981, 1983 கலவரங்களில் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. கையில் கிடைத்ததோடு வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் போனவர்கள் பலர். 2016 மே மாதம் மலை சரிந்தபோது அரநாயக்கவில் ஊர்களே மண்ணுக்குள் போயின. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் ஒரு தோட்ட லயமும் புதைந்தது.

குருவிட்டவிலிருந்து அவிசாவளைக்கு வந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் கித்துல்கல. 1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' படம் எடுத்த இடம் என்பதால் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். களனி ஆற்றில் றப்பர் படகு ஓட்டக் கொழும்புப் பையன்கள் வருவார்கள். மேலே தோட்டத்துக்குள் ஏறிப் போனால் பெலிலென குகை இருப்பதைக் கேட்டு வருகிறவர்கள் கொஞ்சம்தான். பட்டதொம்பலெனவைவிட இது அகலம். பக்கத்தில் அருவி இரைவதால் பேச்சு கேட்காது. இங்கே மனித எலும்புகள் கிடைத்திருக்கின்றன, கற்களை அடுக்கித் தளம்போல அமைத்ததும் தெரிந்திருக்கிறது. 27,000 வருடத்துக்கு முன்பே கடற்கரையிலிருந்து இங்கே உப்பு வந்துசேர்ந்திருக்கிறது என்று சிரான் தெரணியகல எழுதியிருப்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். யார் சுமந்து வந்தார்கள், பதிலுக்கு என்ன கொண்டுபோனார்கள்? இன்றைக்கும் இந்த மலைக்கு உப்பு கீழிருந்துதான் ஏறுகிறது.

இரண்டு குகைகளையும் சேர்த்துப் பார்க்க விரும்பும் ஜோடிகளுக்கு இரண்டு நாள் போதும். ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை நல்ல காலம். அதே பயணத்தில் சிவனொளிபாதமலையும் ஏற நினைத்தால் குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாகப் போகலாம். கால் பழகாதவர்களுக்கு வேண்டாம், நீளமான ஏற்றம். இரத்தினபுரி நூதனசாலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாணிக்கக் குழிகளில் இல்லம் எனும் சரளை மண்ணை அள்ளும்போது கிடைத்த பழங்கால மிருக எலும்புகளைப் பற்றி அங்கே தெரிந்துகொள்ளலாம். இன்று இந்தத் தீவில் இல்லாத நீர்யானையும் காண்டாமிருகமும் ஒருகாலம் இங்கே மேய்ந்திருக்கின்றன. அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் பூசுங்கள், உப்புப் பொட்டலம் ஒன்றும் பையில் இருக்கட்டும். குகைத் தரையில் கிடக்கும் நத்தை ஓட்டைக்கூட எடுக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் றப்பர் மலையில் பால் எடுப்பவர்களிடம் கேளுங்கள். அங்கே வெறும் கல்லுதான் என்று சொல்லிக்கொண்டே சரியான வழியைக் காட்டிவிடுவார்கள்.