ஸ்பேஸ் தட்டினால் வரிசை நிற்காது

வீட்டுக் கணினியில் ஒழுங்காக நின்ற தமிழ் ஸ்லைடு, கூட்டம் நடக்கும் இடத்தில் திரையில் விழுந்ததும் கோணலாகிவிடுகிறது. தலைப்பு இரண்டு வரியாக உடைகிறது, பட்டியல் ஏறி இறங்கி நிற்கிறது. பவர்பாயிண்டுக்குத் தமிழ் ஒத்துவராது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பழியில் ஓரளவுதான் நியாயம் உண்டு. பெரும்பாலான கோளாறு, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எழுத்தை நகர்த்தும் பழக்கத்தால் வருவது.

தூத்துக்குடியில் மீனவர் கூட்டமொன்றில் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்களைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் தூத்துக்குடி, பாம்பன், நாகப்பட்டினம், கடலூர். வலப்பக்கம் கூண்டு எண். பாம்பனுக்குப் பிறகு இருபது ஸ்பேஸ், நாகப்பட்டினத்துக்குப் பிறகு எட்டு என்று கண்ணளவில் சேர்த்தால், தயாரித்த கணினியில் எண்கள் நேராக நிற்கும். அது லதா எழுத்துருவில் அமைந்தது. கூட்டத்துக் கணினியில் லதா இல்லாமல் நிர்மலா வந்து உட்கார்ந்தால், எழுத்தின் அகலமும் மாறும், ஸ்பேஸின் அகலமும் மாறும். தமிழில் ‘ர’ ஒடுங்கியது, ‘ணை’ அகன்றது; எத்தனை எழுத்து என்று எண்ணிச் சரிக்கட்ட வழியில்லை. நீண்ட பெயருள்ள வரி மடங்கினால் அதன் எண் கீழே இறங்கி, அடுத்த துறைமுகத்தின் எண்ணோ என்று ஐயப்பட வைக்கும். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல. இரண்டு பத்தி கொண்ட அட்டவணையைச் செருகி, கோடு வேண்டாமென்றால் எடுத்துவிட்டால் போதும்: பெயர் மடங்கினாலும் எண் தன் வரிசையை விட்டு நகராது. சிறு பட்டியலுக்கு ரூலரில் ஒரு டேப் நிறுத்தம் வைத்தாலும் சரி. அது பெட்டியின் ஓரத்திலிருந்து அளக்கப்படுவது. பெயர் அதைத் தாண்டி நீளாதவரை எழுத்துரு மாறினாலும் அசையாது.

அச்சுக்கோப்பவர்கள் இடைவெளி வைத்துத்தானே வரி சேர்த்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானபோதும், பக்கத்தில் எழுத்தில்லாத இடத்தை உலோகத் துண்டுகள்தான் நிரப்பின. ஆனால் சட்டத்தில் இறுக்கிய பக்கம் அப்படியே தாளில் பதிந்தது. ஸ்லைடோ ஒவ்வொரு கணினியிலும் புதிதாகக் கோக்கப்படுகிறது. அங்கே நாம் அனுப்ப வேண்டியது இடைவெளிகளை அல்ல, எது எங்கே நிற்க வேண்டும் என்ற விதியை.

தமிழ் சார்ந்த சிக்கலும் இருக்கிறது. ‘முத்துக்குளிப்பவர்களுக்கெல்லாம்’ போன்ற சொல் ஒரே வரியில் அடங்காதபோது முழுதாக அடுத்த வரிக்குத் தாவும். பவர்பாயிண்ட் தானாகச் சொல்லைப் பிரிக்காது. அப்போது ஜஸ்டிஃபை கொடுத்திருந்தால் மேல்வரியில் மிஞ்சிய சொற்களுக்கிடையே பள்ளம் விழும். தமிழ்ப் பத்திக்கு இடப்பக்கச் சீரமைப்பே நல்லது என்பேன். இரு பெட்டிகளை நேராக வைத்தும் எழுத்து மட்டும் விலகி நின்றால் பெட்டியின் உள்விளிம்பைப் பாருங்கள், ஒன்றில் 0.25 செ.மீ., மற்றதில் பூஜ்யம் என்றிருக்கும். தலைப்புகள் ஸ்லைடுக்கு ஸ்லைடு பெரிதும் சிறிதுமாக இருந்தால், எழுத்தைத் தானாகச் சுருக்கும் வசதியை அணைத்துவிட்டு, அளவை ஸ்லைடு மாஸ்டரில் ஒரே முறை வைக்கலாம்.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தொல்லை தீருமே என்பது வலுவான மறுப்பு. கடைசி நேரத்தில் திருத்தம் இல்லையென்றால் அப்படியே செய்யலாம். ஆனால் கூண்டு எண் சில மணி நேரத்தில் மாறக்கூடியது. அந்த இடத்திலேயே ‘3’ஐ ‘5’ ஆக்க வேண்டியவருக்குத் திருத்த முடிகிற கோப்பு தேவை. எழுத்துருவைக் கோப்போடு பொதிந்து அனுப்பலாம். எல்லா எழுத்துருவின் உரிமமும் அதை அனுமதிப்பதில்லை, எல்லாக் கருவியும் அதை மதிப்பதுமில்லை. பொதிந்தாலும் பொதியாவிட்டாலும், அட்டவணைக்குள் இருக்கும் எண் தன் ஊரின் பெயருக்கு நேராகவே நிற்கும்.