கைக்கடிகாரக் கண்ணாடி: கீறாதது எது? உடையாதது எது?

'காளவாசல்' என்றால் சூளை. மதுரையின் மேற்குப் பகுதியில் அந்தப் பெயரைத் தாங்கிய சந்திப்பில் இன்று பேருந்துகளும் லாரிகளும் கிளப்பும் புழுதிதான் அதிகம். அவ்வழியே நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் பள்ளிக்குச் செல்பவரின் கைக்கடிகாரத்தை உற்றுப் பார்த்தால், முட்களுக்கு மேலுள்ள கண்ணாடியில் மெல்லிய கீறல்கள் தெரியும். வெறும் புழுதி கண்ணாடியைக் கீறுமா? மாணவரிடம் இக்கேள்வியை எழுப்பினால், பொருள்களின் பண்புகள் பற்றிய பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

எது எதைக் கீறும்?

ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812இல் கடினத்தன்மைக்கு ஓர் அளவுகோலை வகுத்தார். ஒரு பொருள் மற்றொன்றைக் கீறினால், கீறியதே அதிகக் கடினமானது என்பது இதன் விதி. இதில் டால்க் 1, வைரம் 10. பாறைகள் சிதைந்து உருவான மணலிலும் புழுதியிலும் உள்ள குவார்ட்ஸ் துகளின் எண் 7. சாதாரணக் கண்ணாடியின் எண் 5க்கும் 6க்கும் இடைப்பட்டது. புழுதி படிந்த கண்ணாடியைச் சட்டையில் தேய்த்துத் துடைக்கும்போது கீறல் விழுவது இதனால்தான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்து வைக்கலாம். கடிகார முகப்பில் 'குவார்ட்ஸ்' என்று எழுதியிருப்பது கண்ணாடியைப் பற்றியதல்ல. உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் கணக்கிட உதவும் சிறு படிகத்தையே அது குறிக்கிறது.

மூன்று வகைகள்

*அக்ரிலிக்:* இது ஒருவகை பிளாஸ்டிக். கடினத்தன்மை சுமார் 3. 1961இல் பெங்களூருவில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் 'ஜனதா' கடிகாரத்தில் மேடாக வளைந்திருக்கும் மூடி இவ்வகைதான். எளிதில் கீறல் விழும்; ஆனால் மெல்லிய கீறல்களை மெருகேற்றும் பசையால் தேய்த்து நீக்கிவிடலாம்.

*மினரல் கண்ணாடி:* மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உலையில் உருக்கிச் செய்யும் கண்ணாடியே இது. வெப்பத்தாலோ வேதிமுறையாலோ வலுவூட்டுவதும் உண்டு. நடுத்தர விலைக் கடிகாரங்கள் பலவற்றில் இதுவே இருக்கிறது. அக்ரிலிக்கைவிடக் கீறலைத் தாங்கும். கீறிவிட்டால் மெருகேற்றுவது கடினம்.

*சபையர்:* இது தூய அலுமினியம் ஆக்சைடு. கடினத்தன்மை 9. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் 1902இல் வெளியிட்ட முறையில், அலுமினியம் ஆக்சைடு பொடியை 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட சுடரில் உருக்கிச் செயற்கைப் படிகம் வளர்த்தார்கள். இத்தகைய படிகத்தை அறுக்கவும் மெருகேற்றவும் வைரத்தூள் வேண்டும். விலை கூடுவதற்கு அது ஒரு காரணம். இந்தக் கனிமத்தின் அறிவியல் பெயரான 'கொரண்டம்', தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் இயற்கையாகவே கிடைக்கிறது.

கடைகளில் மூன்றையுமே 'கிரிஸ்டல்' என்பார்கள். உண்மையில் சபையர் மட்டுமே படிகத் திண்மம். மற்ற இரண்டும் படிக வடிவமற்றவை.

கடினமானது உடையாதா?

மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. கீறலை எதிர்ப்பது ஒரு பண்பு. அடியைத் தாங்குவது வேறொரு பண்பு. அம்மிக்குழவி கீழே விழுந்தால் விளிம்பு பெயரக்கூடும். நகத்தால் கீறக்கூடிய ரப்பர் செருப்போ எத்தனை முறை விழுந்தாலும் உடைவதில்லை.

அக்ரிலிக் சற்று வளைந்து அடியின் ஆற்றலை ஏற்றுக்கொள்ளும். மினரல் கண்ணாடியும் சபையரும் வளைந்து கொடுப்பதில்லை. சிமெண்டுத் தரையில் பலமாக விழுந்தால் சில்லுகளாகலாம். சபையருக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் ஒளிவிலகல் எண் 1.77, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52. அதனால் நேராக விழும் ஒளியில் கண்ணாடியின் ஒரு பரப்பு சுமார் 4 விழுக்காட்டையும், சபையரின் ஒரு பரப்பு ஏறத்தாழ 8 விழுக்காட்டையும் எதிரொளிக்கும். மதுரை வெயிலில் முட்கள் தெளிவாகத் தெரிய, எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு தேவைப்படும்.

சேமித்த பணத்தில் கடிகாரம் வாங்குவோர் ஒன்றைக் கேட்டுத் தெளிவது நல்லது. 'சபையர் பூச்சு' என்று விற்கப்படுவது முழுச் சபையர் அல்ல. கண்ணாடியின் மீது மெல்லிய படலம் மட்டுமே.

வகுப்பறையில்

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டு, ஆய்வகக் கண்ணாடி வில்லை, செம்புக் கம்பி, குவார்ட்ஸ் கூழாங்கல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லையை மேசைமீது தட்டையாக வைத்து, ஆசிரியரே மெதுவாகக் கீறிக் காட்டலாம். செம்பு வில்லையைக் கீறாது, கூழாங்கல் கீறும். கீறல் போலத் தெரிவது கூழாங்கல்லின் தூளா, உண்மையான கீறலா என்பதை ஈரத்துணியால் துடைத்தபின் பார்க்கச் சொல்லுங்கள். எதையும் உடைத்துக் காட்ட வேண்டாம்.

பிறகு மாணவரிடம் இப்படிக் கேட்கலாம்: கல்குவாரித் தொழிலாளி, கபடி வீரர், தேர்வறைக் கண்காணிப்பாளர் ஆகிய மூவருக்கும் எந்தக் கண்ணாடி பொருந்தும்? விடைகள் வேறுபடலாம். காரணத்தில் 'கீறல்', 'உடைதல்' இரண்டையும் பிரித்துச் சொன்ன மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது.