உரோமர் எல்லை மண்ணரண்களின் நோக்கம்

பழைய மண்ணரண் ஒன்றைக் காணுமிடத்து, அது புறப்பகையைத் தடுக்க எழுந்தது என முடிவு செய்தல் எளிது. உரோமப் பேரரசின் எல்லை மண்ணரண்கள் அனைத்திற்கும் இம்முடிவு பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. பிரித்தானியாவின் வடபால் காணப்படும் ‘வல்லம்’ என்னும் அமைப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

கி.பி. 122-இல் பேரரசர் ஏட்ரியன் பிரித்தானியாவிற்குச் சென்றார். அவர் எழுப்பிய மதில் டைன் ஆற்றங்கரை முதல் சால்வே கழிமுகம் வரை ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீண்டது. அம்மதிலுக்குத் தெற்கே, அதன் நீளத்தின் பெரும்பகுதிக்குச் செல்வதே வல்லம். நடுவே ஏறத்தாழ 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் உடைய அகழி. அதன் இருமருங்கும் சற்று விலகி இரு மண்மேடுகள். மொத்த அகலம் ஏறத்தாழ 36 மீட்டர். இலத்தீனில் வல்லம் என்பது மேட்டரணையே குறிக்கும்; அகழிக்கு வேறு சொல் உண்டு. எட்டாம் நூற்றாண்டினரான பீட் என்னும் துறவியின் நூல்வழி நிலைத்த இப்பெயர், அமைப்பின் இயல்பை முழுதும் உணர்த்துவதன்று.

பண்டு ஆராய்ந்தோர் பலர், வல்லமே ஏட்ரியனது அரண் என்றும், கல்மதில் பின்வந்த செவரசின் பணி என்றும் கருதினர். கல்மதிலும் ஏட்ரியனதே என்று 1840-இல் சான் ஆட்சன் நிறுவினார். இருவேறு காலத்து அரண்கள் என்ற கருத்து அகலவே, மதிலுக்கு அகத்தே மற்றோர் அகழி எற்றுக்கு என்னும் வினா எழுந்தது.

விடையை அமைப்பே தருகின்றது. வல்லத்தின் இருபுறமும் ஒத்திருத்தலின், எப்பக்கத்தில் நின்று பொருவார்க்கும் அதனால் தனிநலம் இல்லை. கோட்டைகளை அணுகுமிடத்து அது வளைந்து சுற்றிச் செல்கின்றது. ஆதலின் கோட்டைகளை உளங்கொண்டே அது வகுக்கப்பட்டது. பென்வெல் என்னுமிடத்தில் அகழியைக் கடக்கும் வழியும், அதன்மேல் நின்ற கல்வாயிலின் அடிப்பகுதியும் இன்றும் உள்ளன. மதிலில் உரோமக் கல் ஒன்றுக்கு ஒன்றாக ஏறத்தாழ எண்பது சிறுகாவல் வாயில்கள் இருந்தன. வல்லம் எழுந்தபின், தெற்கிருந்து வருவோர் கோட்டைகளை ஒட்டிய சில வழிகளிலேயே கடத்தல் கூடும். எனவே, படைநிலத்திற்குத் தென்னெல்லை வகுத்துப் போக்குவரவை அடக்குதலே இதன் நோக்கம் எனக் கொள்ளுதல் பொருந்தும். இங்குத் தடுக்கப்பட்டோர் புறப்பகைவர் அல்லர். பேரரசின் ஆட்சிக்குட்பட்ட மக்களே ஆவர்.

பிற்கால நிகழ்ச்சிகளும் இதனை அரண் செய்கின்றன. கி.பி. 142 அளவில் எல்லை வடக்கே பெயர்ந்தபோது, வல்லத்தின் மேடுகள் இடையிட்டு வெட்டப்பட்டன. அகழியின் குறுக்கே வழிகள் தூர்க்கப்பட்டன. அடக்கவேண்டிய நிலம் இல்லையாகவே, தடையும் வேண்டாததாயிற்று. அவ்வமயம் வடக்கே அன்டோனினசு பியூசு எழுப்பிய புற்கரண் மதிலுக்கோ அகழி வடபுறத்தில் அமைந்தது. தோண்டிய மண்ணும் வடகரையிலேயே கொட்டப்பட்டது. அது புறத்தாரை நோக்கிய தடை என்பது வெளிப்படை.

ஒரே படையினர், ஒரு தலைமுறைக் காலத்துள், மண்ணை அகழ்ந்தே இருவேறு பணிகளை முடித்துள்ளனர். ஆகவே மண்ணரணின் நோக்கத்தைப் பெயர்கொண்டோ பொருள்கொண்டோ துணிதல் ஆகாது. அது நிற்கும் இடம், வாயில்கள், கைவிடப்பட்ட முறை ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கித் துணிதலே முறையாகும்.