சவர நுரை

சவர நுரை என்பது முகச்சவரத்திற்கு முன் சோப்பையோ கிரீமையோ நீருடன் சேர்த்து, பிரஷ் கொண்டு குழைத்து எழுப்பும் நுரை ஆகும். இது முடியை ஈரமாக வைத்து மென்மையாக்குகிறது. பிளேடு தோலின் மேல் வழுக்கிச் செல்ல உதவுகிறது. நுரை சரியாக அமையாவிட்டால் எரிச்சலும் வெட்டுக்காயமும் உண்டாகும். நுரை நன்றாக வருவது சோப்பின் விலையைவிட நீரின் தன்மையைப் பொறுத்தது. நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டி போன்ற, ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் ஊர்களில் இந்த வேறுபாட்டை எளிதில் காணலாம்.

குளியல் சோப்பும் சவர சோப்பும்

எண்ணெய் அல்லது கொழுப்பு, காரத்துடன் வினைபுரியும்போது சோப்பும் கிளிசரினும் கிடைக்கின்றன. குளியல் சோப்பில் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு பயன்படுகிறது. சவர சோப்பில் அதனுடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்க்கப்படுகிறது. பொட்டாசியம் சோப்பு மென்மையானது, நீரில் எளிதில் கரைவது. சவர கிரீமில் இதன் பங்கும் நீரின் பங்கும் அதிகம். அதனால்தான் அது குழைவாக உள்ளது.

கொழுப்பு அமிலங்களும் நுரையைத் தீர்மானிக்கின்றன. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் விரைவாகப் பெரிய குமிழிகளைத் தரும்; ஆனால் அவை சீக்கிரம் உடைந்துவிடும். ஸ்டியரிக் அமிலம் நுண்ணிய, நெடுநேரம் நிற்கும் நுரையைத் தரும். சவர சோப்பில் இரண்டும் தேவை. ஸ்டியரிக் அமிலமே முதன்மையானது. கிளிசரின் நுரை காயாமல் காக்கிறது. குளியல் சோப்பைத் தேய்த்துச் சவரம் செய்தால் நுரை பாதியிலேயே காய்ந்துபோவதற்குக் காரணம் இதுவே.

நீரின் பங்கு

சேலம், நாமக்கல் சமவெளி கடினப்பாறைப் பகுதி. சேலம் அருகே மேக்னசைட் கனிமம் வெட்டி எடுக்கப்படுகிறது. சுக்கான் கல்லும் பல இடங்களில் காணப்படுகிறது. பாறை இடுக்குகளில் தங்கும் நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைகின்றன. மக்கள் இதை 'உப்புத் தண்ணீர்' என்றும், குடிக்க உகந்ததை 'நல்ல தண்ணீர்' என்றும் பிரித்துச் சொல்வர்.

இந்த உப்புகள் சோப்புடன் சேர்ந்து நீரில் கரையாத வெண்ணிறப் படிவாக மாறுகின்றன. படிவான சோப்பு நுரை தராது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில், மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 4 கிராம் சோப்பைப் படிவாக்கிவிடும். நுரைக்குச் செலவாகும் 25 மில்லிலிட்டர் நீருக்கு இது 0.1 கிராம். ஒரு கிராம் கிரீமில் மூன்றில் ஒரு பங்கு சோப்பு எனக் கொண்டால், அதில் ஏறக்குறைய 30 விழுக்காடு நுரை எழும் முன்பே வீணாகிறது.

நீரைக் கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டுகளால் உண்டாகும் தற்காலிகக் கடினத்தன்மை நீங்கும்; பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலம் அதன் அடையாளம். சல்பேட், குளோரைடு உப்புகளால் வரும் நிரந்தரக் கடினத்தன்மை கொதிக்கவைத்தாலும் போகாது. சவரத்திற்குத் தேவையான நீர் குறைவு என்பதால், அரை டம்ளர் மழைநீரோ நல்ல தண்ணீரோ போதும். துணி துவைக்கும் சோடாவும் நீரை மென்மையாக்கும். ஆனால் அது தோலை அரிக்கும் என்பதால் சவரத்திற்கு ஆகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

உறையில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலைப் பார்த்து வாங்குவது நல்லது. ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் ஆகியவை முன்வரிசையில் இருக்க வேண்டும். எளிதில் எரிச்சல் அடையும் தோல் உள்ளவர்கள் மெந்தாலும் கடும் நறுமணமும் உள்ளவற்றைத் தவிர்க்கலாம். கடின நீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் விரைவில் கரையும் கிரீம் எளிது. நல்ல நீர் இருந்தால் கட்டி சோப்பு நெடுநாள் வரும், சிக்கனமானது. பிரஷில் நைலான் போன்ற செயற்கை இழை விரைவில் காயும், விலையும் குறைவு.

நுரை எழுப்பும் முறை

1. முகத்தைக் கழுவி, வெதுவெதுப்பான நீரால் இரண்டு மூன்று நிமிடம் ஈரமாக வைக்க வேண்டும்.
2. பிரஷை நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்கு உதற வேண்டும்.
3. கிரீம் என்றால் பெரிய நிலக்கடலைப் பருப்பு அளவு போதும். கட்டி சோப்பு என்றால் அதன் மேல் பிரஷை அரை நிமிடம் வட்டமாகச் சுழற்ற வேண்டும்.
4. கிண்ணத்திலோ முகத்திலோ குழைத்து, நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும்.
5. நுரை கெட்டித் தயிர்போலப் பளபளப்பாக நிற்பதே சரியான பதம்.

குமிழிகள் பெரிதாக இருந்தால் நீர் அதிகம். பசைபோல ஒட்டினால் நீர் குறைவு. நுரை எழுந்தவுடன் அடங்கிப்போனால், கிரீமை மாற்றும் முன் நீரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

தூய்மை

சவரத்தின்போது கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் விழும். ஒருவர் பயன்படுத்திய பிளேடு மூலம் மற்றவருக்கு ஹெபடைடிஸ் பி, சி ஆகிய கல்லீரல் அழற்சிகள் பரவக்கூடும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். முடிதிருத்தகங்களில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு மாற்றுவது இதனால்தான்.

பிரஷிலும் கவனம் தேவை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், தூய்மை செய்யப்படாத குதிரைமுடி பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் நோய் பரவியது. இன்று அந்த ஆபத்து அரிது. எனினும் பொதுப் பிரஷால் தோல் தொற்றுகள் பரவலாம். வீட்டிலும் பிரஷ் ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும். பயன்படுத்தியபின் அலசி, காற்றோட்டமான இடத்தில் உலரவிட வேண்டும். படிகாரம் சிறு வெட்டில் இரத்தக் கசிவை நிறுத்தும். ஆனால் அந்தக் கட்டியையும் பலர் பகிர்ந்து பயன்படுத்தக் கூடாது.