தாடையின் கீழ் ஒரு வீக்கம்

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலும், மூணாறு, தேவிகுளம் மலைகளிலும் வாழும் நம் மக்கள், பசுவின் தாடையின்கீழ் எது வீங்கினாலும் "கழலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைக் கேட்டிருக்கிறேன். எல்லா வீக்கமும் ஒன்றன்று என்பதே நான் இங்குக் கூற விரும்புவது.

பசு நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவில் உமிழ்நீர் சுரக்கிறது. காதின்கீழும், தாடையின்கீழும், நாவின் அடியிலும் அமைந்த சுரப்பிகளே அதன் ஊற்றுகள். இவற்றில் புற்றுக்கட்டி தோன்றுவது மாடுகளில் மிக அரிது. முதிய நாய், பூனைகளிலும் அரிதே. தோன்றினால் பெரும்பாலும் ஒருபுறமாகக் கெட்டியாக வளரும். திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே அதனை உறுதி செய்ய இயலும்.

அடிக்கடி காண்பன வேறு. அழுத்தினால் பள்ளம் விழும் குளிர்ந்த வீக்கம், ஈரல் தட்டைப்புழுவால் உடல் சோகையுற்றதன் அடையாளமாகலாம். நீர்நிலை நத்தைகளின் வழியே அப்புழு பரவுகிறது. எலும்போடு ஒட்டிக் கல்போல் இறுகியது, தாடையெலும்பைப் பற்றிய நுண்ணுயிர் நோயாகலாம்.

இவையெல்லாம் மருத்துவரைக் காண நாள் தரும். தொண்டை அடைப்பானோ நாழிகையே தரும். கடுங்காய்ச்சல், சூடான வலிமிகு வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஓரிரு நாளில் உயிர் போகும். அப்போது சூடு போட்டுவிட்டுக் காத்திருப்பது, ஒற்றைப் பசுவை நம்பிய குடும்பத்தின் பிழைப்பையே இழப்பதாகும். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போடுவதே காப்பு.

மலையாளத்தில் இந்நோய்க்குக் "குரலடப்பன்" என்று பெயர். விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்களே, இவ்விரு பெயர்களையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். மருத்துவமனை வாயிலில் சொல் தடுமாறி நேரம் வீணாகலாகாது.