நமக்கு இனிப்பு, நாய்க்கு நஞ்சு!

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் எடை 10 கிலோகிராம். எனக்கு நீரிழிவு நோய் இருக்கிறது. இவை இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

சர்க்கரையைத் தவிர்க்க வேண்டிய எனக்காக, 'சர்க்கரை இல்லாதது' என்று அச்சிட்ட நிலக்கடலை வெண்ணெய்ப் புட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். பெயர்தான் வெண்ணெய், இதில் பால் கிடையாது. வறுத்த கடலையை எண்ணெய் கசியும்வரை அரைத்த விழுதுதான் இது. ஒருநாள் நாய்க்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. இந்த விழுதில் மாத்திரையைப் பொதிந்து கொடுத்தால் நாய் மறுக்காமல் விழுங்கிவிடும். என் மகள் கரண்டியோடு புட்டியை எடுத்தாள். நல்ல வேளையாக, திறக்குமுன் அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். அதில் 'சைலிட்டால்' என்ற சொல் இருந்தது.

சைலிட்டால் என்பது மரத்திலிருந்தும் மக்காச்சோளக் கதிர்த்தண்டிலிருந்தும் செய்யப்படும் ஓர் இனிப்புப் பொருள். நாம் இதை உண்டால் இரத்தத்தில் குளுக்கோஸ் அதிகம் ஏறுவதில்லை. இன்சுலினும் அதிகம் சுரப்பதில்லை. ஆகவேதான் நீரிழிவு நோயாளிகளுக்கான பண்டங்களில் இதைச் சேர்க்கிறார்கள்.

நாயின் உடலிலோ கதை தலைகீழ்! சைலிட்டால் விரைவாக இரத்தத்தில் கலந்ததும், நாயின் கணையம் இன்சுலினை ஏராளமாகச் சுரந்துவிடுகிறது. வந்திருப்பதோ குளுக்கோஸ் அன்று. ஆனால் சுரந்த இன்சுலின் சும்மா இருக்குமா? இரத்தத்தில் ஏற்கெனவே இருந்த குளுக்கோஸை உயிரணுக்களுக்குள் அனுப்பிவிடுகிறது. மூளைக்கு எரிபொருள் குறைகிறது. வாந்தி, சோர்வு, தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை தோன்றுகின்றன. சில நாய்களுக்கு அரை மணியில் இவை தெரியும்; சிலவற்றுக்கு 12 மணி நேரம்கூட ஆகலாம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.1 கிராம் சைலிட்டாலே நாயின் குளுக்கோஸை ஆபத்தான அளவுக்குக் குறைக்கப் போதும். எங்கள் நாய்க்கு 10 × 0.1 = 1 கிராம்; அதாவது கால் தேக்கரண்டி! கிலோகிராமுக்கு 0.5 கிராம் அளவை எட்டினால் கல்லீரலே பழுதாகலாம். 2 கிலோகிராம் எடையுள்ள குட்டிக்கு ஆபத்தான அளவு எவ்வளவு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் நாய்க்கு நிலக்கடலையே ஆகாதா? ஆகும். உப்பு, சர்க்கரை, சாக்லேட் எதுவும் சேராத விழுதாக இருக்க வேண்டும். அதன் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. 5 கிராம் விழுதில் சுமார் 30 கலோரி உண்டு. 10 கிலோகிராம் நாய்க்கு எப்போதாவது அரைத் தேக்கரண்டி போதும். கொழுப்பு மிகுந்தால் கணையம் அழற்சியுறலாம். பூஞ்சை பிடித்த கடலையையும் தொடாதீர்கள். 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை படர்ந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சின், நாயின் கல்லீரலையும் கெடுக்கும். கடலையை வறுப்பதால் அது முழுவதும் அழிவதில்லை.

சீட்டில் சைலிட்டால் என்ற பெயருக்குப் பதிலாக 'ஐ.என்.எஸ். 967' என்றும், 'பிர்ச் சர்க்கரை' என்றும் இருக்கலாம். சில சூயிங்கங்களிலும் பற்பசைகளிலும்கூட இது உண்டு. நாய் தவறித் தின்றுவிட்டால் அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கவும் முயல வேண்டாம். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

அன்று என் மகள் ஒரு பிடி நல்ல கடலையை வறுத்துத் தோல் நீக்கி, உப்பில்லாமல் மிக்ஸியில் அரைத்தாள். சுண்டைக்காய் அளவு விழுதில் மாத்திரை மறைந்தது. நாய் அதை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று வாலை ஆட்டியது!