மூச்சு பட்டாலும் கெடும்!

பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையைப் பற்றி நான் படித்ததைச் சொல்றேன். சுமார் 17,000 ஆண்டுப் பழமையான காளை, குதிரை ஓவியங்கள் அங்கே இருக்கு. 1940-ல் கண்டுபிடித்து, 1948-ல் மக்களுக்குத் திறந்தாங்க. கூட்டம் குவிந்தது. அவங்க மூச்சிலிருந்த ஈரமும் கரியமில வாயுவும், விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசி பிடிச்சிடுச்சு!

1963-ல் குகையை மூடினாங்க. அருகிலேயே அதே அளவில் மாதிரிக் குகை கட்டி, 1983-ல் திறந்தாங்க. குன்றின் மேல் வண்டிகளும் கூட்டமும் ஏறினால் குகைக்கு ஆபத்து என்பதால், 2016-ல் அடிவாரத்திலேயே புதிய பார்வையாளர் மையம் திறந்தாங்க. இப்போ எல்லாரும் பார்ப்பது மாதிரி ஓவியத்தைத்தான். அசல் நிம்மதியா இருக்கு.

பார்க்க வருபவருக்கு வசதி செய்யும்போது, பழம்பொருளுக்கும் பாதுகாப்பு பார்க்கணும். இதுவே என் கருத்து.